பஸ் அலர்ஜி

ஒரகடம் சாலையில், கன்டெய்னர் லாரிகள் திரும்புகிற வளைவுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த மூன்று மாடி மருத்துவமனையில் கம்ப்யூட்டருக்கு வாய் அதிகம். டாக்டர் சத்யப்பிரியா ஒரு மாத்திரையின் பெயரைத் தட்டினால் போதும், திரையின் நடுவில் ஒரு சிவப்புப் பெட்டி வந்து நிற்கும். நோயாளியின் உயரம் பதிவாகவில்லை என்று சொல்லும். இந்த மாத்திரை சிலருக்கு வயிற்றைப் புரட்டும் என்று சொல்லும். மீசை முறுக்கிய வெல்டர் ஒருவர் இடுப்பு வலியென்று வந்து உட்கார்ந்திருந்தபோது, கருவுற்றிருக்கிறாரா என்று உறுதி செய்துகொள்ளச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தது. பெட்டியை மூடக் காரணம் எழுத வேண்டும். எழுதாவிட்டால் நகராது.

ஆகவே எல்லோரும் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். சத்யப்பிரியா 'ம்' என்று எழுதுவாள். பெரிய டாக்டர் சங்கரநாராயணன் ஒரே ஒரு புள்ளி வைப்பார். தலைமை நர்ஸ் லீலா, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, மீன் குழம்புக்கு எவ்வளவு புளி கரைப்பது என்று மகளுக்குச் சொல்லிக்கொண்டே, திரைப் பக்கம் திரும்பாமல் 'ஓகே' என்று தட்டி மூடுவார். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பிரசன்னா ஒருமுறை இந்தக் காரணங்களை எல்லாம் திரட்டிக் கூட்டத்தில் வாசித்தான். ம், புள்ளி, ஓகே, ம், ம், புள்ளி என்று போய்க்கொண்டிருந்த வரிசையில் ஓரிடத்தில் 'போடா' என்று இருந்தது. எழுதியது யார் என்று பெரிய டாக்டர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கு உண்மை தெரிந்திருக்கும், அவருக்கும் சங்கடமாகப் போயிருக்கும்.

சத்யப்பிரியா பக்கத்துப் பென்னலூர்க்காரி. நல்ல டாக்டர், ஆனால் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். சிவப்புப் பெட்டியை அவளைவிட அதிகமாகத் திட்டியவர்கள் அந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை.

அன்றைக்கு மத்தியானம் மாரிசெல்வம் என்றொரு பையன் தொண்டை வலியோடு வந்தான். காருக்கு சீட் தைக்கிற கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. அமாக்சிசிலின் எழுதினாள், பெட்டி வந்தது, 'ம்' என்று மூடினாள். அடுத்து அதே கம்பெனியிலிருந்து மாரிமுத்து, பிடரியில் கட்டி. அதே மருந்து, அதே பெட்டி, அதே 'ம்'. மூன்றாவதாக அதே கம்பெனியின் வனமாமலை காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தபோது டீ வந்துவிட்டது. வலது கையில் சூடான டம்ளர். தட்டக் கை ஒழியவில்லை. வேறு வழியில்லாமல், ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே, பெட்டியில் என்னதான் எழுதியிருக்கிறது என்று வாசித்தாள்.

'பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர். பென்சிலின் வகையைச் சேர்ந்த இம்மருந்து கொடுக்கக் கூடாது.'

"ஏம்ப்பா, ஒனக்குப் பென்சிலின் ஆவாதா?"

"அப்படின்னா என்னது டாக்டர்?" என்றான் வனமாமலை.

"ஊசி போட்டோ மாத்திரை சாப்ட்டோ ஒடம்பெல்லாம் தடிச்சி, மூச்சு முட்டியிருக்கா?"

"அப்படில்லாம் ஒண்ணும் ஆனதில்ல. ஊசின்னா பயம், அம்புட்டுதான்."

அப்படியானால் இந்த வரி இங்கே எப்படி வந்தது? அதைவிட, முன்னே போன இரண்டு பேருக்கும் வந்தது இதே பெட்டிதானே? நான் கேட்டேனா? டம்ளரை அப்படியே மேசையில் வைத்துவிட்டு சத்யப்பிரியா எழுந்து ஓடினாள். இரண்டு பேரும் மருந்துக் கவுன்டரில் சில்லறைக்காக நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் அலர்ஜி எதுவும் இல்லை, இந்த மாத்திரையை ஊரிலேயே பலதரம் சாப்பிட்டவர்கள். டாக்டர் ஏன் இப்படி மூச்சு வாங்குகிறார் என்றுதான் அவர்களுக்குப் புரியவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தபோது டீ ஆறிப்போயிருந்தது. பயமும் வெட்கமும் சேர்ந்து வந்தன, எது முதலில் வந்தது என்று சொல்ல முடியாது.

"லீலாக்கா, இந்தக் கம்பெனி ஆளுங்களுக்கு மட்டும் எப்படி இது?"

லீலா சிரித்தார். "அந்தப் பஸ்ல வர்றவங்க யாரு வந்தாலும் அந்தப் பொட்டி வரும் டாக்டர். நாங்க அதுக்குப் பஸ் அலர்ஜின்னு பேரே வச்சிட்டோம். கண்டுக்கிறதில்ல."

பேர் வைத்துவிட்டால் எதுவும் பழகிப்போகும். ஆனால் அது எப்படி வந்தது என்பது பதிவு மேசையில் இருக்கும் சுகப்பிரியாவைக் கேட்டபோதுதான் தெரிந்தது. போன வருடம் அந்தக் கம்பெனியின் மருத்துவப் பரிசோதனைக்கு ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்தார்கள். ஷிப்ட்டுக்கு நேரமாகிறது என்று சூப்பர்வைசர் கோபால் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். சுகப்பிரியா ஒருத்தி, வந்தவர்களோ ஒரு பட்டாளம். எல்லோருக்கும் ஒரே கம்பெனி, வடக்குப்பட்டில் ஒரே விலாசம். அவள் முதல் ஆளின் பதிவை முழுசாக நிரப்பி, நகல் எடுத்து, நகல் எடுத்து, பெயரையும் வயதையும் மட்டும் மாற்றிக்கொண்டே போனாள்.

"அலர்ஜி?"

"ஆரம்பத்துலயே எல்லாரையும் பாத்து மொத்தமா கேட்டேன் மேடம், யாருக்காச்சும் மருந்து ஒத்துக்காதான்னு. கும்பல்ல யாரோ பென்சிலின்னு கொரல் குடுத்தாங்க. நான் தொறந்து வச்சிருந்ததுல டிக் பண்ணிட்டேன். அப்புறம் அதுவே எல்லாருக்கும்..." சுகப்பிரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "மொகத்தப் பாக்கல மேடம்."

மறுநாளே விஷயம் பெரிய டாக்டரின் அறைக்குப் போனது. பிரசன்னாவுக்கு இது ஒரு வேலையாகவே தெரியவில்லை. "ஒரே க்ளிக் மேடம். அந்தக் கம்பெனி பேர்ல இருக்கிற எல்லாருக்கும் அலர்ஜியைத் தூக்கிடலாம்."

"தூக்கிடுங்க," என்றார் சங்கரநாராயணன். "ஒரு தொல்லை ஒழிஞ்சுது."

நியாயமாக இந்த இடத்தில் சத்யப்பிரியா கை தட்டியிருக்க வேண்டும். சிவப்புப் பெட்டிக்கும் அவளுக்கும் அப்படியொரு பகை. ஆனால் கும்பலில் பென்சிலின் என்று கேட்ட அந்தக் குரல் அவளை விடவில்லை.

"சார், மத்தவங்களுக்கு அது பொய். ஒருத்தனுக்கு நெஜம். தூக்கிட்டோம்னா அந்த ஒருத்தன் நாளைக்கு நம்மகிட்ட வந்து படுக்கும்போது நமக்கு யாரு சொல்லுவா?"

"இப்ப மட்டும் யாரு சொல்றா?" என்றார் அவர், கடுமை எதுவும் இல்லாமல். "பொய்ப் பெட்டி பஸ் நெறைய இருந்தா நெஜப் பெட்டியை எவன் படிப்பான்? நீயே படிக்கலியேம்மா."

சுருக்கென்று தைத்தது. உண்மை என்பதால் கோபப்படவும் முடியவில்லை. கடைசியில் அவரே இறங்கி வந்தார். ஒரு வாரம் பொறுப்போம், அதற்குள் அந்த ஆளைக் கண்டுபிடித்தால் அவனுக்கு மட்டும் வைப்போம், இல்லையென்றால் எல்லாவற்றையும் எடுத்துவிடுவோம் என்றார்.

கண்டுபிடிப்பது என்ன பெரிய வித்தை, போன் போட்டால் தெரிந்துவிடுகிறது என்று நினைத்தாள் சத்யப்பிரியா. பதிவிலிருந்த முதல் எண்ணை அழைத்தாள். "ஹலோ, கோபாலு பேசறேன்," என்றது குரல். தவறான எண் போல என்று வேறொரு ஆளின் பதிவிலிருந்து அழைத்தாள். "கோபாலுதான் மேடம், கட்டாயிட்ச்சா?"

"எல்லார் பேர்லயும் எதுக்குங்க ஒங்க நம்பர்?"

"பசங்க லைன்ல போன் எடுக்கக் கூடாது மேடம். அதான் நம்ம நம்பரையே குட்த்துட்டேன். இன்னா மேட்டர், சொல்லுங்க."

சொன்னாள். கோபால் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அதெல்லாம் ஒர்த்தனுக்கும் ஒண்ணியும் கெடையாது மேடம். அல்லாம் கல்லு மாதிரி கீறானுங்க."

சரி, நேரிலேயே கேட்டுவிடுவோம் என்று, ஷிப்ட் முடிந்து பஸ் மருத்துவமனையைத் தாண்டும்போது நிறுத்தச் சொல்லி ஏறினாள். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், பக்கத்தில் காவல் தெய்வம் மாதிரி கோபால். இன்ஜின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினாள். "உங்கள்ல யாருக்குப் பென்சிலின் ஆவாது? கையத் தூக்குங்க."

"யாருக்கும் இல்ல மேடம்!" கேட்டு முடிப்பதற்குள் பஸ் மொத்தமும் ஒரே குரலில் பதில் சொன்னது. பாதிப் பேர் காதிலிருந்து ஹெட்போனைக்கூடக் கழற்றவில்லை.

"வெளையாட்டு இல்ல. உயிர் போற விஷயம்!"

"சரிங்க மேடம்!"

இறங்கி வந்து லீலாவிடம் பொரிந்து தள்ளினாள். தெற்கே இருந்து வந்திருக்கிற பையன்கள் எல்லாம் எருமை மாட்டின் மேல் மழை பெய்தது மாதிரி உட்கார்ந்திருந்தார்கள் என்றாள். அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு வந்தால் தெரியும் என்றாள். லீலா எல்லாவற்றுக்கும் ஓகே, ஓகே என்று சொல்லிவிட்டு ஊசிகளை எண்ணப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்துத் தொண்டையைக் காட்ட மாரிசெல்வம் மறுபடி வந்தான். வலி போயிருந்தது. சத்யப்பிரியாவுக்குத்தான் எரிச்சல் போகவில்லை.

"அன்னிக்கி பஸ்ல நான் கேட்டது யாரு காதுலயாவது விழுந்துச்சா?"

மாரிசெல்வம் நெளிந்தான். "தப்பா நெனைக்காதிய மேடம். தெனமும் காலைல லைன்ல நிக்க வச்சு, ஷூ போட்டியா, கிளவுஸ் போட்டியான்னு கேப்பாவ. ஆமா சார்னு சொல்லணும். ஒடம்புக்கு எதும் இருக்கான்னு கேப்பாவ. இல்ல சார்னு சொல்லணும். மாத்திச் சொன்னா அன்னைக்கு வேலைக்கு விட மாட்டாவ. நீங்க கேட்டதும் அதே மாதிரி வாயில வந்துட்டு. என்ன கேட்டியன்னே நான் கவனிக்கல."

சத்யப்பிரியா அவனையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், கண்ணில் நீர் வரும் வரைக்கும். அந்தப் பஸ்ஸுக்குள் வழிமறித்து நின்ற சிவப்புப் பெட்டி அவள்தான். பையன்கள் ஆளுக்கொரு 'ம்' போட்டு அவளை மூடிவிட்டார்கள். எருமை மாடு என்று திட்டினால் முதலில் தன்னைத்தான் திட்டிக்கொள்ள வேண்டும். அந்த நினைப்பில் அவளுக்கிருந்த கோபம் எல்லாம் கரைந்துபோனது.

மறுநாள் கோபாலுக்கு ஓ.டி. இருந்தது, கம்பெனியிலேயே தங்கிவிட்டார். சத்யப்பிரியா கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, தோளில் கைப்பையோடு டீக்கடை நிறுத்தத்தில் பஸ் ஏறினாள். முன்னால் போய் நிற்கவில்லை. முதல் காலி சீட்டில் உட்கார்ந்து, பக்கத்துப் பையனிடம் எந்த ஊர் என்று கேட்டாள். மழை பெய்ததா என்று கேட்டாள். சின்ன வயதில் எப்போதாவது காய்ச்சலுக்கு ஊசி போட்டு, அந்த ஊசியாலேயே உடம்புக்கு முடியாமல் போயிருக்கிறதா என்று கேட்டாள். பிறகு எழுந்து அடுத்த சீட்டுக்குப் போனாள்.

நல்லவேளையாக அன்றைக்கு வடக்குப்பட்டுக்குத் திரும்பும் இடத்தில் ஒரு கன்டெய்னர் லாரி சாலைக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் லாரிக்காரனைத் திட்டினார்கள். அவள் ஒருத்திதான் அவன் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்தாள். ஒவ்வொரு சீட்டாக நகர்ந்து, கிடாவெட்டுக் கதை, காதல் தோல்வி, பைக் தவணை என்று கேட்டதும் கேட்காததுமாக எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு கடைசி சீட்டுக்கு வந்து சேர்ந்தாள். ஜன்னலோரம் ஒல்லியாக ஒருவன். பெயர் இசக்கிதுரை, ஊர் நாங்குநேரிப் பக்கம்.

அவள் கேட்பதற்கு முன்பே அவன் கேட்டான். "மேடம், ஒரு பேச்சுக்குக் கேக்கேன். ஒருத்தனுக்கு அந்த ஊசி ஆகாதுன்னு வைங்க. அவனை வேலைய விட்டு எடுத்துருவாவளா?"

"அந்த ஒருத்தன் இந்தப் பஸ்ல கீறானா?"

இசக்கிதுரை ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். லாரி இன்னும் நகரவில்லை.

"ஒம்போதாங் கிளாஸ் படிக்கயில காய்ச்சல்னு ஊசி போட்டாவ. மூஞ்சி இம்புட்டுப் பெருசா வீங்கிட்டு. மூச்சு விட முடியல. எங்கம்மா போட்ட சத்தம் இன்னும் காதுல கெடக்கு. பொழச்சதும் அந்த டாக்டர் சொன்னாவ, இனிமே எந்த ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சாலும் மொதல்ல இதைச் சொல்லிரணும்டான்னு. அதான் அன்னைக்கு உங்க ஆஸ்பத்திரில கேட்டதும் பட்டுன்னு சொல்லிட்டேன். பக்கத்துல நின்னவன் இடுப்புல இடிச்சான். ஏலே, நோயாளின்னு எழுதி ஊருக்கு அனுப்பிருவானுவலேன்னான். அதோட வாயை மூடுனவன்தான்."

"இது நோயே இல்லப்பா. ஒரு மருந்து ஒனக்குச் சேராது, அவ்ளோதான். கம்பெனிக்கு நாங்க அனுப்புறது வேலை செய்யலாம், செய்யக் கூடாதுன்னு ஒரு வரி. மிச்சமெல்லாம் ஒனக்கும் எங்களுக்கும் நடுவுல."

லாரி மெல்ல நகர்ந்தது, பஸ் கிளம்பியது.

"எழுதிக்கிடுங்க மேடம்," என்றான். "ஆனா சத்தமா எழுதாதிய."

அன்றைக்குப் பஸ்ஸில் வராதவர்களையும் அடுத்த நாட்களில் அதே மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு முடித்தாள். வேறு யாருக்கும் இல்லை. பிரசன்னா எல்லோருடைய பதிவிலிருந்தும் அந்த வரியை எடுத்தான், இசக்கிதுரைக்கு மட்டும் விட்டான். எடுத்த சூட்டோடு சத்யப்பிரியா அவனை எழுந்திருக்க விடவில்லை. உயரத்தை எடு, வயிற்றைப் புரட்டுவதை ஒரு ஓரத்தில் சின்னதாகப் போடு, வெல்டரின் கர்ப்பத்தைக் கலை என்று பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சிவப்புப் பெட்டி வரட்டும் என்று சங்கரநாராயணன் கையெழுத்துப் போட்டார். நகல் எடுத்தால் அலர்ஜிக் கட்டம் காலியாகவே வரும்படி ஆனது. சுகப்பிரியாவுக்கு ஒரு தடுப்புத் திரை வாங்கிக் கொடுத்தார்கள். அதற்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்டாள், முகத்தைப் பார்த்து.

மருத்துவமனை அமைதியாகிவிட்டது. முதல் வாரம் லீலாவுக்கு என்னவோ போல இருந்தது. "பசங்க லீவுக்கு ஊருக்குப் போயிட்ட வூடு மாதிரி கீது டாக்டர்," என்றார். பிறகு அதுவும் பழகிவிட்டது, குழம்புக்குப் புளி சொல்வது மட்டும் நிற்கவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது ஒருநாள் மத்தியானம், சத்யப்பிரியா பக்கத்து அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எலுமிச்சம்பழச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கோபால் யாரையோ கைத்தாங்கலாக அழைத்து வருவது தெரிந்தது. தாடையைச் சுற்றித் துண்டு, ஒரு பக்கக் கன்னம் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது. காய்ச்சலில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. முகமே மாறியிருந்ததால் ஆளை அடையாளம் தெரியவில்லை.

"கடவாப் பல்லு சார்," என்றார் கோபால். "ரெண்டு நாளா சொல்லாமயே கெடந்துட்டான். வாயத் தொறக்க முடியல, பேச்சு வரல."

சங்கரநாராயணன் தொட்டுப் பார்த்தார். பல்லடியில் சீழ் கட்டித் தாடை பூட்டிக்கொண்டிருந்தது. "மருந்து எதாவது ஒத்துக்காதா?"

"அதெல்லாம் ஒண்ணியும் கெடையாது சார். கல்லு மாதிரி கீறான்."

துண்டுக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. வலியில் முனகுகிறான் என்று நினைத்தார்கள். ஊசியின் பெயரைச் சொல்லிக்கொண்டே பெரிய டாக்டர் கம்ப்யூட்டரில் தட்டினார். லீலா அலமாரியைத் திறந்து மருந்தைக் கையில் எடுத்தார். அப்போது சத்யப்பிரியா அந்த முனகிய முகத்தின் கண்ணைப் பார்த்தாள். ஜன்னலோரம் பார்த்த கண். கையில் சோற்றோடு எழுந்தாள்.

திரையில் சிவப்புப் பெட்டி வந்தது.

பெரிய டாக்டரின் விரல் பழக்க தோஷத்தில் புள்ளியை நோக்கிப் போனதை அவள் பார்த்தாள். கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் விரல் தானாகவே நின்றது. பல நாளாகக் கண்ணில் படாத சிவப்பு. அவர் கண்ணாடியை மூக்கில் சரியாக ஏற்றிக்கொண்டு, குனிந்து, ஒரு முறை படித்தார். இன்னொரு முறை படித்தார்.

"லீலா, அதைக் கீழ வைங்க," என்றார். "இவருக்குப் பென்சிலின் ஆகாது. கிளிண்டமைசின் எடுங்க."

லீலா வைத்தார். வேறு மருந்து வந்தது. ஓட்டமும் இல்லை, கூச்சலும் இல்லை. மனிதர் படித்தார், அவ்வளவுதான் நடந்தது. சத்யப்பிரியா திரும்ப வந்து உட்கார்ந்து மிச்சச் சோற்றைச் சாப்பிட்டாள். அம்மா அன்றைக்கு உப்புப் போட மறந்திருந்தாள், இருந்தும் அவ்வளவு ருசியாக இருந்தது. சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது, யாராவது பார்த்தால் ஊறுகாய் காரம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

சாயங்காலம் காய்ச்சல் இறங்கி இசக்கிதுரை கண்ணை நன்றாகத் திறந்தபோது அவள் கட்டிலருகே போனாள். அவனால் இன்னும் பேச முடியவில்லை. தலைக்கு மேலே தொங்கும் பாட்டிலைக் காட்டி, புருவத்தை உயர்த்திக் கேட்டான்.

"வேற மருந்து," என்றாள். "ஒனக்கு ஆவாதது இல்ல."

அவன் தலையணையில் தலையைச் சாய்த்துக்கொண்டான். கோபால் கட்டிலின் கால்மாட்டில் நின்று பிடரியைச் சொறிந்தார். போவார் என்று பார்த்தால் போகவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், எனக்கு சல்பா மாத்திர ஆவாது. ஒருதபா போட்டு வாயெல்லாம் வெந்து பூட்ச்சி. வேலைக்கி சேர சொல்லோ யாராண்டயும் சொல்லல. அதுக்கப்பறம் கேக்கறவங்களுக்கெல்லாம் இல்ல, இல்லன்னே சொல்லினு வந்துட்டேன்."

இசக்கிதுரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க முடியாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு துடித்தான். சத்யப்பிரியா கதவுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"சுகப்பிரியா, இங்க வா." அவள் கிட்டே வந்ததும் சத்யப்பிரியா குரலைத் தாழ்த்தினாள். "கோபால் சாருக்கு சல்பா ஆகாதாம், எழுதிக்க." ஒரு நொடி விட்டுச் சொன்னாள். "அவருக்கு மட்டும்."